தம்பி வருமுன் எடுத்த பெட்டி

அப்பாவின் பெட்டி எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் வைக்கப்பட்டு அன்றோடு மூன்றாவது நாள். வெளியே மழை. நான் சமைக்கிற குசினிக்குப் பின்னால் போய் வேலிக்கம்பில் கட்டியிருந்த வெட்டிய பிளாஸ்டிக் போத்தலைப் பார்த்தேன். மழையை அளக்க அப்பா கட்டியது அது. என்னுடைய சிவப்பு நகப்பூச்சை எடுத்து அதில் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். தண்ணீர் அந்தக் கோட்டுக்கு மேலே நான்கு விரல் ஏறியிருந்தது.

கோட்டைத் தாண்டினால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரியும். அப்பா விசில் ஊதுவார். இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் இறங்கி, ரோட்டோரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். ஊதுகிற ஆள்தான் உள்ளே மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தார்.

எங்கள் தோட்டம் யட்டியாந்தோட்டைக்கு மேலே. கீழே இறப்பர், மேலே தேயிலை, இரண்டுக்கும் நடுவில் மலையை வெட்டி வரிசையாகக் காம்பராக்களை நிறுத்திய லயம். லயத்துக்குப் பின்னாலேயே மண் செங்குத்தாக நிற்கும். அந்த மண்ணில் ஒரு வெடிப்பு இருந்தது. அது அகலுகிறதா என்று பார்க்க அப்பா இரண்டு பக்கமும் குச்சி நட்டு வைத்திருந்தார். அன்றைக்கு ஒரு குச்சி சாய்ந்து கிடந்தது. அதற்குக் கீழே, எந்தக் காலத்திலும் தண்ணீர் வராத இடத்தில், தேத்தண்ணி நிறத்தில் சேறு கசிந்துகொண்டிருந்தது.

முன் பக்கம் வந்து பார்த்தால் சனம். முன் திண்ணையான இஸ்தோப்பில், தகரக் கொட்டகையில், பக்கத்துக் காம்பராக்களில் என்று இருநூறு பேருக்குக் குறையாது. தோட்டத்துச் சனம், கீழ்க் கிராமத்துச் சிங்களவர்கள், நான் கல்யாணம் கட்டிப் போன கடைவீதியிலிருந்து வந்த முஸ்லிம் முதலாளிமார். வேறு ஒருவர் செத்திருந்தால் அந்த மழையில் இவ்வளவு பேர் வந்திருக்கவே மாட்டார்கள். அப்பா நல்லவராக இருந்ததால் வந்த வினை என்று அந்த நேரத்தில் எனக்கு அவர் மேலேயே கோபம் வந்தது.

அப்பா இருபத்திரண்டு வருஷம் ஆமியில் லொறி ஓட்டியவர். தோட்டத்துத் தமிழன் ஆமிக்குப் போனானா என்று இப்போதும் ஆட்கள் என்னிடம் கேட்பார்கள். போனார். சிங்களம் நன்றாகப் பேசுவார், லைசன் இருந்தது, வீட்டில் அரிசி இல்லை, போனார், அவ்வளவுதான். சண்டைக் காலத்தில் லீவில் வருகிறபோது சாதாரண உடுப்பில் இருந்தால், அடையாள அட்டையில் பெயரைப் பார்த்துவிட்டு பஸ்ஸிலிருந்து இறக்கி நிறுத்துவார்களாம். அதையும் தாண்டித் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தால், தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் அவரைக் கண்டதும் வாயை மூடிக்கொள்வார்கள். நானாக இருந்தால் இரண்டு பக்கத்தாரையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். அப்பா கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்ட அதே ஆட்களின் பிள்ளைகளுக்குத்தான் பிறகு பிறப்புச் சான்றிதழ் எடுக்க அலைந்தார்.

பென்சனில் வந்தபிறகு ஒரு த்ரீவீலர் வாங்கினார். ஹயர் என்று வாடகைக்கு ஓடத்தான் வாங்கினார். ஆனால் பிள்ளைப்பேறு, பாம்புக்கடி, குளவிக்கொட்டு என்று ஆஸ்பத்திரிக்கு ஓடியதுதான் அதிகம். பொலிசில் முறைப்பாடு எழுத வேண்டும் என்றால் சனம் அப்பாவைத்தான் தேடி வரும். அங்கே எல்லாம் சிங்களத்தில்தான் எழுதுவார்கள். எழுதியது என்ன என்று தெரியாமல் கையெழுத்து வைத்து மாட்டிக்கொண்டவர்கள் எங்கள் தோட்டத்திலேயே இருக்கிறார்கள். அப்பா தன் ஆமிக் கார்டை மேசையில் வைத்துவிட்டு, வரி வரியாக வாசித்துக் காட்டச் சொல்லுவார். அதற்குப் பிறகுதான் நம் ஆளைக் கையெழுத்து வைக்க விடுவார்.

வீட்டில் எப்படி என்றால், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இஸ்தோப்பில் மேசையைப் போட்டு எனக்கும் தம்பிக்கும் பள்ளிக்கூட உடுப்பு தேய்த்து வைப்பார். அதைப் பார்த்துப் பக்கத்துக் காம்பராக்காரி தன் பிள்ளையின் கவுனைக் கொண்டுவந்தாள். அப்புறம் அடுத்தவள். கடைசியில் லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரின் வெள்ளைக் கவுனும் வெள்ளைச் சட்டையும் எங்கள் வீட்டுக் கொடியில்தான் தொங்கும். "கரண்டு பில்லு ஒங்க தாத்தா கட்டுவாரா?" என்று அம்மா திட்டுவாள். அப்பா சிரித்துக்கொண்டே அடுத்த கவுனை விரிப்பார். திட்டுகிற அம்மாதான் தண்ணீர் தெளித்துக் கொடுப்பாள்.

மழைப் போத்தலும் விசிலும் வந்தது வேறு பக்கத்தில் ஒரு லயம் மண்ணுக்குள் போன பிறகு. அதைப் பார்த்துவிட்டு வந்த அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதன்பிறகு ஆறு தடவை விசில் ஊதி எங்களை இறக்கியிருக்கிறார். ஆறு தடவையும் ஒரு கூடை மண்கூட விழவில்லை. "ஆமிக்காரருக்கு இன்னும் சண்ட முடியல" என்று சனம் கேலி பண்ணும். "ஆமாங்க, முடியல, எந்திரிங்க" என்பார்.

அப்படிப்பட்ட மனுஷன் விடியக்காலை சப்பாத்துப் போடக் குனிந்தவர் நிமிரவில்லை. நெஞ்சு வலி. தம்பி கட்டாரில் வேலை. அவன் வருவதற்காகத்தான் மலர்ச்சாலையில் உடலுக்கு மருந்தேற்றி வைத்துக் காத்திருந்தோம். அன்று காலை கட்டுநாயக்காவில் வந்து இறங்கிவிட்டான். மூன்று மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. ஆமியிலிருந்தும் கொடியோடு நான்கு பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

நான் போத்தலைப் பார்த்த நேரம் காலை பதினொன்று இருக்கும். நேராகத் தாய்மாமாவிடம் போனேன். சாவு வீட்டுக் காரியம் எல்லாம் அவர் பொறுப்பு.

"மாமா, கோட்டத் தாண்டிருச்சு. பின்னால சேறு வருது. சனத்த எறக்கணும்."

"சாவு வீட்டுல வச்சு என்னா பேச்சு புள்ள பேசுற? மகன் வந்து வாய்க்கரிசி போடாம எப்புடி எடுக்கிறது? ஊரு காறித் துப்பாதா?"

"மலை எறங்குனா துப்புறதுக்கு ஊரு இருக்காது மாமா."

"வாயக் கழுவு!" என்றார்.

அப்போதுதான் கிராம சேவகர் குடையோடு படியேறி வந்தார். சிங்களவர். அப்பாவுக்கு நல்ல பழக்கம். என்னை எப்போதும் "துவே" என்றுதான் கூப்பிடுவார், மகளே என்று. "துவே, சிவப்பு எச்சரிக்கை குடுத்துட்டாங்க. ஒடனே எல்லாரும் போகணும்" என்று அரைத் தமிழில் சொன்னார். கொட்டகையைப் பார்த்து அதையே சத்தமாகவும் சொன்னார். எல்லோரும் கேட்டார்கள். ஒருவர்கூட எழும்பவில்லை. பெட்டி எடுக்கிறதுக்கு முன்னால் சாவு வீட்டை விட்டு எழும்பிப் போனால் அது செத்தவருக்குச் செய்கிற அவமரியாதை. அதுவும் இந்த மனுஷனுக்கு. "ஆமிக்காரர விட்டுட்டுப் போறதா?" என்று ஒரு கிழவர் கேட்டார். கிராம சேவகர் பெட்டியைப் பார்த்தார். குடையை மடக்கினார். அவரும் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அந்தக் கதிரையைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. வாயால் சொன்னால் இந்தச் சனம் அசையாது. அப்பாவைத் தூக்கினால்தான் அசையும்.

தம்பிக்குப் போன் எடுத்தேன். அவிசாவளையில் நிற்கிறான். "ரோட்டுல முழங்காலுக்கு மேல தண்ணிக்கா. வேன் போகாதாம். எப்புடியாவது ரெண்டு மணித்தியாலத்துல வந்துருவேன். அப்பா மொகத்த ஒருக்கா பாத்துக்கிறேன். எடுத்துறாதீங்கக்கா." அவன் அழுதான். நாலு வருஷமாக வீட்டுக்கு வராதவன்.

"சரிடா. காத்திருக்கோம். பதறாம வா" என்றேன்.

போனை வைத்துவிட்டு மாமாவிடம் போனேன். "தம்பி எடுக்கச் சொல்லிட்டான்" என்றேன். அவர் நம்பாமல் பார்த்தார். "நெசமாவா?" என்றார். "நெசமாத்தான். ரோடு அடைச்சிருக்காம், வர முடியாதாம், சனத்தக் காக்க வைக்காதீங்கன்னான்" என்று, நான் பெற்ற மகள் மேல் சத்தியம் பண்ணுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னேன். ஒரு நிமிஷத்துக்குள் இரண்டு பக்கமும் பொய்.

பெட்டியை மூடப் போகிற நேரத்தில்தான் இன்னொன்று மண்டையில் அடித்தது. எங்கள் ஆட்களில் பொம்பளைகள் மயானத்துக்குப் போவதில்லை. வாசலோடு நின்றுவிடுவார்கள். பெட்டி போனதும் வீட்டைக் கழுவி, விளக்கு வைத்து, குளித்து முடிக்க வேண்டும். அப்படியென்றால் நான் இந்தப் பொய்யைச் சொல்லி ஆம்பளைகளை மட்டும்தான் மலையை விட்டு இறக்குகிறேன். பொம்பளைகளும் பிள்ளைகளும் அந்தச் சேற்று மலைக்குக் கீழேயே இருப்பார்கள். ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

மகன் இல்லாதபோது கொள்ளிக்குடம் தூக்கப் பங்காளி முறையில் ஒருவர் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு தயாராக நின்றார். நான் போய்க் குடத்தை எடுத்து என் தோளில் வைத்துக்கொண்டேன்.

"அடிப் பாவி, வச்சிரு கீழ!" என்று ஒருத்தி கத்தினாள்.

"வைக்க மாட்டேன். எங்கப்பாவுக்கு நான் போறேன். நீங்களும் வாங்க. ஒங்க புள்ளைங்க உடுப்பெல்லாம் தேச்சுக் குடுத்த மனுசன். பெத்துக்கப் போறப்ப ஒங்கள ஏத்திக்கிட்டு ஓடுனவரு. வாசலோட நிப்பீங்களா? புள்ளைங்கள தூக்கிக்கிட்டு வாங்க. கெழவிங்க ஒருத்தர்கூட இங்க இருக்கக் கூடாது."

என் குரல் எனக்கே பயமாக இருந்தது. பிறகு பக்கத்துக் காம்பராக்காரி, முதன்முதலில் கவுன் கொண்டுவந்தாளே அவள்தான், பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். மற்றவர்கள் அவளைப் பார்த்தார்கள். ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள்.

அம்மா மட்டும் அசையவில்லை. அப்பாவின் தலைமாட்டில் வைத்த விளக்குக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, எந்திரி."

"தாலியறுத்தவ சுடுகாட்டுக்கு வாறதா? நான் வரமாட்டேன். வெளக்கு எரியணும். நீங்க போங்க."

"மலை வருதும்மா!"

"வந்தா வரட்டும்."

எனக்குக் கண் மண் தெரியவில்லை. "நீ எந்திரிக்காட்டி அப்பாவத் தூக்க விடமாட்டேன். இந்தச் சனம் அத்தனையும் ஒன்னால சாகும்" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அம்மா எழும்பினாள். வந்து என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். குடம் விழப் பார்த்தது. அப்புறம் குனிந்து விளக்கை எடுத்து, முந்தானையால் மறைத்துக்கொண்டு படியிறங்கினாள். மூன்றாவது படியில் மழை அதை அணைத்துவிட்டது. அம்மா நின்று திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அணைச்சிட்டியேடி" என்றாள்.

இறங்கினோம். களிமண் படிகளில் பெட்டி தூக்கியவர்களின் கால் வழுக்கியது. தப்பு மேளத்தின் தோல் நனைந்து சத்தமே வரவில்லை. நான் திரும்பித் திரும்பி மலையைப் பார்த்தேன். இப்போது வருமோ, இந்த அடிக்கு வருமோ என்று ஒவ்வொரு அடிக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது. கடைசிக் கிழவி ரோட்டில் கால் வைத்த பிறகுதான் மூச்சு வந்தது.

என் மனசில் இருந்த திட்டம் என்னவென்றால், பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் பெட்டியை இறக்கி வைத்துத் தம்பிக்காகக் காத்திருக்கலாம் என்பதுதான். "மாமா, இங்க கொஞ்ச நேரம் வைப்போமா?" என்று கேட்டேன். "தூக்குன பெட்டிய எறக்கி வைக்கிறதா? அதுவும் புள்ளைங்களுக்குச் சமைச்சுப் போடப் போற எடத்துல? அவந்தான் காக்க வைக்காதீங்கன்னுட்டானே, அப்புறம் யாருக்குக் காத்திருக்கிறது?" என்றார். உண்மையைச் சொல்லலாம். சொன்னால் பெட்டி வீட்டுக்குத் திரும்பும் என்று பயம். அதற்குப் பின்னாலேயே சனமும் ஏறும். வாயைத் திறக்கவில்லை. என் பொய் என் கழுத்தையே பிடித்துக்கொண்டது.

பொம்பளைகள் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். நான் ஆம்பளைகளோடு மயானத்துக்குப் போனேன். குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. இரண்டு பேர் வாளியால் இறைத்தார்கள். இன்னும் சுணங்கினால் குழி இடிந்துவிடும் என்று சொன்னார்கள். மூன்று சுற்றுச் சுற்றிக் குடத்தை உடைத்தேன். குழிக்கரையில் பெட்டியைத் திறந்து அப்பாவின் முகத்தை நான் கடைசியாகப் பார்த்தபோது ஒரு பக்க மீசையில் மழைத்துளி நின்றது. துடைத்துவிட்டேன். மூடினார்கள்.

மண் போட்டு முடித்து அரை மணித்தியாலம்கூட இருக்காது. ரோட்டில் ஓர் ஆமி லொறி வந்து நின்றது. அப்பாவுக்குக் கொடி கொண்டுவந்தவர்கள். அந்த உயரமான லொறிக்கு வெள்ளம் ஒரு பொருட்டே இல்லை. பின்னாலிருந்து தம்பி குதித்தான். சாவு வீட்டுக்குப் போகிறோம் என்று அவர்கள் அவிசாவளையில் யாரிடமோ வழி கேட்டபோது, நான் அவர் மகன் என்று சொல்லி ஏறியிருக்கிறான். இரண்டு மணித்தியாலம் என்றவன் ஒன்றரையில் வந்துவிட்டான்.

மண்மேட்டைப் பார்த்தான். "காத்திருக்கோம்னு சொன்னியேக்கா" என்றான்.

மாமா என் பக்கம் திரும்பினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தம்பி மண்ணில் முட்டி போட்டு இரண்டு கையாலும் தோண்டத் தொடங்கினான். அந்தச் சிப்பாய்கள்தான் பிடித்துத் தூக்கினார்கள்.

நான்கு நாள் பள்ளிக்கூடத்தில் கிடந்தோம். மழை விட்டது. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு இப்போதைக்குப் போகலாம் என்றார்கள். மலை வரவில்லை. குசினிக்குப் பின்னால் ஒரு தள்ளுவண்டி மண்கூடச் சரியவில்லை. தம்பி என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். "எங்க சரிஞ்சிருக்கு? காட்டு. காட்டுக்கா" என்றான். காட்ட அங்கே ஒன்றும் இல்லை. கருமாதி முடிந்து கட்டாருக்குப் போனவன் இன்றுவரை எனக்கு ஒரு போன் எடுக்கவில்லை. அம்மா நான் எவ்வளவு கெஞ்சியும் கடைவீதியில் என் வீட்டுக்கு வரவில்லை. அந்தக் காம்பராவிலேயே இருக்கிறாள்.

போன வாரம் மறுபடி மழை பிடித்தது. சிவப்பு எச்சரிக்கை என்று போனில் செய்தி வந்தது. நான் அடுப்படியில் நின்றபடி அந்த மலையை நினைத்தேன். அப்போது ஒரு நினைப்பு வந்தது. நான் கூப்பிடவில்லை, தானாக வந்தது. சரியட்டும். இந்தத் தடவையாவது சரியட்டும். தம்பி வந்து பார்க்கட்டும், அக்கா அன்றைக்குச் செய்தது சரிதான் என்று எல்லோரும் சொல்லட்டும். அவ்வளவும் நினைத்து முடித்த பிறகுதான் அதற்குக் கீழே அம்மா இருப்பது ஞாபகம் வந்தது.

போனை எடுக்க ஓடினேன். அதற்குள் அதுவே அடித்தது. அம்மா.

"அடியே, என்னா செய்ற? இங்க ஒரு சனமும் எந்திரிக்க மாட்டேங்குது. போன தடவையும் ஒண்ணும் வரலயேன்னு சொல்லிக்கிட்டு அப்புடியே ஒக்காந்திருக்குதுங்க. நீ வந்து சத்தம் போடு. ஒனக்குத்தான் வாய் இருக்கே."

"இந்தா வாறேம்மா" என்றேன்.

த்ரீவீலரில் போய் இறங்கி அந்தப் படிகளில் ஓடினேன். மேலே இஸ்தோப்பில் அம்மா ஒரு பையோடு நின்றாள். நான் என்ன நினைத்தேன் என்று அவளுக்குத் தெரியாது. தலையை நிமிர்த்தி அந்த மலையைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.